பயிர் போனால் பாய் முடையலாம் என்கிறார்கள். கோரையும் அதே மழையை நம்பித்தானே வளர்கிறது?

கரைப்புல்:
ஒரு திட்ட அறிக்கையின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தால் வேளாண்மை நலிகிறது, ஆகவே கிராமப் பெண்களுக்கு மாற்று வருமானமாகக் கைவினைப் பயிற்சி என்று தொடங்குகிறது. கோரைப் பாய், ஓலைப் பெட்டி, புல் கூடை, மூங்கில் தட்டு என்று பொருள்களின் பட்டியல் இருக்கிறது. பயிற்சி, வடிவமைப்பு, படம் எடுப்பது, இணையத்தில் விற்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கச்சாப்பொருள் எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் ஒரே வரி: "உள்ளூரில் ஏராளமாகக் கிடைக்கிறது."

எனக்கு அந்த வரியில்தான் சந்தேகம். நெல்லைக் கெடுக்கிற மழை கோரையை மட்டும் விட்டுவைக்குமா? இந்த வேலையைக் கையால் செய்தவர்கள், வாங்கி விற்றவர்கள், கணக்குப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வடிவமைப்பு, சந்தை பற்றி ஏற்கெனவே நிறையப் படித்தாயிற்று, அது வேண்டாம்.

ஈரக்கை:
நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் கோரை, ஓலை இரண்டிலும் வேலை செய்தவர்கள். நானும் செய்கிறேன்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு முடைகிற கை மட்டும்தான் தெரியும். உண்மையில் பாதி வேலை வானத்தைப் பார்ப்பது. கோரையை அறுத்துவிட்டால் வாடுவதற்குள் கீறியாக வேண்டும். கீறியதை உடனே வெயிலில் பரப்ப வேண்டும். காய்கிற நாளில் ஒரு தூறல் விழுந்தாலும் போச்சு, நார் கறுத்துவிடும். கறுத்த நாருக்குச் சாயமும் ஒட்டாது, வெள்ளைப் பாய்க்கும் ஆகாது. கயிறு திரிக்கலாம், அவ்வளவுதான். பத்தமடைப் பாய் மாதிரி மெல்லிய வேலை என்றால் காய்ந்த நாரை மறுபடி ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, பிறகுதான் தறிக்குக் கொண்டுபோக முடியும். அதாவது முதலில் வெயில், அப்புறம் ஆற்றில் ஓட்டம், அப்புறம் மறுபடி வெயில். இந்த வரிசை குலைந்தால் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை.

முன்பு எந்த மாதம் அறுத்தால் எத்தனை நாள் வெயில் நிற்கும் என்பது பெரியவர்களுக்கு ஒரு கணக்காகவே இருந்தது. இப்போது மழை வருஷத்துக்குக் குறைவாகப் பெய்தாலும், பெய்கிற நாள் தப்பான நாளாக இருக்கிறது.

வெயில் அதிகமானால் நல்லதுதானே என்று கேட்பார்கள். அதுவும் இல்லை. காற்று வறண்டு கொதிக்கிற மதியத்தில் ஓலை மடங்கும் இடத்தில் விண்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஈர்க்காக உருவி, விரலில் தண்ணீர் தொட்டுத் தொட்டு முடைய வேண்டும். அப்படியும் தாங்காத நாள்களில் விடியுமுன் உட்கார்ந்து எட்டு மணிக்கு எழுந்துவிடுவோம். அந்த நேரம்தான் வீட்டில் எல்லா வேலையும் காத்திருக்கிற நேரம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிமுனை:
ஈரக்கை சொல்வது புல், ஓலை வேலைக்குப் பொருந்தும். ஆனால் கைவினை என்றாலே புல் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? தையலுக்கு மழை எதற்கு?

1969இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் கடும் வறட்சி. நிவாரண வேலைக்குப் போன சந்தா ஷ்ராஃப், தானேட்டி என்ற கிராமத்துப் பெண்கள் போட்டிருந்த பூவேலையைப் பார்த்து, அதையே கூலி வேலையாகக் கொடுத்தார். 'ஸ்ருஜன்' அமைப்பு அங்கிருந்து தொடங்கியதுதான். இலவசமாகக் கொடுத்ததை வாங்கத் தயங்கியவர்கள் வேலையை வாங்கிக்கொண்டார்கள். மழை இல்லாத வருஷத்தில் ஊசி சோறு போட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கால்நடை செத்தது, கம்பு காய்ந்தது, ஊசி மட்டும் நின்றது. உங்கள் திட்ட அறிக்கையை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கரைப்புல்:
தூக்கிப் போடுவதாக இல்லை. ஆனால் அந்த அறிக்கையில் தையலே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலத்திலிருந்து அறுத்து வருகிற பொருள்கள் மட்டும்தான் இருக்கின்றன. துணிக்கு முதலீடு வேண்டும், புல் இலவசம் என்று எழுதியவர் நினைத்திருப்பார் போல.

இன்னொன்றும் கேட்கிறேன். வறட்சி வந்ததும் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் ஊசியைக் கையில் எடுத்தால் கூலி என்ன ஆகும்? வாங்குபவருக்குத்தானே கொண்டாட்டம்?

ஊசிமுனை:
சரி, அது நியாயமான கேள்வி. கூலி இறங்கும். ஒரே ஊரில் வாங்கி ஒரே சந்தையில் விற்கிற இடைத்தரகர் மட்டும் இருந்தால் கட்டாயம் இறங்கும். ஸ்ருஜன் போன்ற இடங்களில் வெளியே தனிச் சந்தை பிடித்ததால்தான் தாக்குப்பிடித்தது.

தண்ணீர் விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். குஜராத்தில் பனாஸ்காண்டா மாவட்டத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா' அமைப்பு பூவேலையை எடுத்துக்கொண்டு போனபோது தண்ணீர்ப் பிரச்சினையையும் சேர்த்தே எடுக்க வேண்டி வந்தது. குடத்தோடு அலைகிற பெண்ணால் எப்போது ஊசி பிடிக்க முடியும்? ஊசிக்கு மழை வேண்டாம், ஊசி பிடிக்கிறவளுக்கு வேண்டும்.

வானிலைப்பித்தன்:
கொஞ்சம் நிதானம். கச்சாப்பொருள் குறைந்தால் உடனே பருவநிலை மாற்றம் என்று எழுதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பழி போடுவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் தென் கரோலினா கடலோரத்தில் கல்லா இனப் பெண்கள் இனிப்புல் என்ற ஒரு வகைப் புல்லால் கூடை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த தொழில். அங்கே புல் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணம் வெப்பம் இல்லை. கரையோரம் முழுக்க வீட்டுமனைகளாகி, வாயிலில் காவலாளி நின்று, புல் இருந்த இடத்துக்குள்ளேயே போக முடியாமல் ஆனது. கடல் மட்டம் ஏறுவது அதற்கு மேல் விழுகிற இரண்டாவது அடி.

வட அமெரிக்காவில் கருஞ்சாம்பல் (பிளாக் ஆஷ்) மரத்தை அடித்து, அதன் வளர்ச்சி வளையங்களைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துக் கூடை முடையும் பழங்குடிகளின் கதையும் அப்படித்தான். அந்த மரங்களைத் தின்பது மரகதத் துளைப்பான் என்ற பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்திருக்கலாம் என்கிறார்கள், 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள். வண்டைக் கொண்டுவந்தது வணிகம். ஆனால் மரத்துக்குள் இருக்கும் புழுக்களைக் கொல்வது கடுங்குளிர். குளிர் குறையக் குறைய வண்டு வடக்கே ஏறுகிறது. இங்கே பருவநிலை கொலைகாரன் இல்லை, கதவைத் திறந்துவிட்டவன்.

ஈரக்கை சொன்னாரே, மழையில் நார் கறுப்பது, அதற்கு மட்டும் நேரடித் தொடர்பு சொல்லலாம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டுகிறது, பெய்யாதபோது மண்ணை உறிஞ்சுகிறது.

ஈரக்கை:
நீங்கள் பிரித்துப் பார்க்கச் சொல்வது சரிதான். ஆனால் கரையில் நிற்கிற எங்களுக்கு அது தனித்தனியாக வருவதில்லை. மணல் அள்ளியதால் கரை சரிந்தது, கரை சரிந்த இடத்தில் வெள்ளம் புல்லை வேரோடு எடுத்துப் போனது. முதல் பாதி ஒருவர் கணக்கு, இரண்டாம் பாதி வானத்தின் கணக்கு. நாரில்லாமல் உட்கார்ந்திருப்பது நாங்கள்.

தறிக்குழி:
தறியை யாரும் சொல்லவில்லை. குழித்தறியில் கால்மிதி தரைக்குக் கீழே இருக்கும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழி. வடிந்த பிறகும் சேறு எடுத்து, காயவைத்து, மரம் உப்பியிருக்கிறதா என்று பார்த்து, பாவு நூலை, அதாவது நீளவாக்கு நூலை, மறுபடி ஏற்றிக் கட்ட நாளாகும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் சேந்தமங்கலம் தறிகள் மூழ்கின. அங்கே நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓணத்துக்கு விற்க வைத்திருந்த சரக்கு முழுக்கச் சேறு. அந்தக் கறைபட்ட புடவைகளைக் கிருமிநீக்கி, துவைத்து, வெட்டிச் 'சேக்குட்டி' என்று சின்னப் பொம்மைகளாகச் செய்து விற்றது பலருக்கும் நினைவிருக்கும். பொம்மை நன்றாக விற்றது, நெசவாளர்களுக்குப் பணமும் வந்தது. ஆனால் அதை எல்லா இடத்துக்கும் முன்மாதிரியாகக் காட்டும்போது எனக்குக் கோபம் வரும். நாடே ஒரு வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த இரக்கம் அது. அடுத்த வெள்ளத்துக்கும், அதற்கடுத்ததற்கும் யார் பொம்மை வாங்குவார்கள்?

தறியை மேடையில் ஏற்றுவது, பாவு நூலையும் முடித்த துணியையும் பரணில் வைக்கிற பழக்கம் இவையெல்லாம் செய்தியாக வராது. ஆனால் சரக்கைக் காப்பாற்றுவது அவைதான்.

கணக்கர்:
இந்த உரையாடல் முழுவதையும் படித்தேன். எல்லோரும் சொல்கிற இழப்பு கடைசியில் யார் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். வாங்குபவர் பொருளுக்கு இவ்வளவு என்று உருப்படிக்கூலி தருகிறார். மழையில் கறுத்த நார், இரண்டாம் முறை அறுக்கப் போன நடை, மேகம் கண்டு ஓடிப்போய் வாரிச் சுருட்டியது, காயாமல் காத்திருந்த நாள் எதுவும் அந்த உருப்படிக்குள் இல்லை. பருவம் கெடக் கெட ஒரு கூடைக்குப் பின்னால் இருக்கும் மணிநேரம் கூடுகிறது, விலை அப்படியே நிற்கிறது. கூலி குறைக்கப்பட்டதாக யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் குறைந்துவிட்டது.

நான் சில குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்தோம். ஒரு பருவம் முழுக்க முடைகிற நேரத்தைத் தனியாகவும், அதற்கு முன்னால் உள்ள அறுப்பு, சுமப்பு, கீறல், உலர்த்தல், சாயம் ஆகியவற்றைத் தனியாகவும் குறிக்கச் சொன்னோம். வீணான நாருக்கு இன்னொரு பத்தி. எழுதத் தெரியாதவர்கள் சுவரில் கோடு போட்டார்கள். விலை பேசப் போகும்போது அந்தத் தாளை மேசையில் வைத்தார்கள். எல்லா வியாபாரியும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஒருவர் சிரித்தார்கூட. ஆனால் "போன வருஷ விலைதானே" என்ற பேச்சுக்குப் பதில் கையில் இருந்தது.

முன்பணம் இன்னொன்று. உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில், கைவினைப் பொருள்களுக்குக் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. நியாய வணிகம் என்று சொல்லிக்கொண்டு வருகிற வாங்குநரிடம் இதைக் கேட்கவே தெரியாமல், கந்துவட்டிக்கு வாங்கி நார் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேளுங்கள்.

ஈரக்கை:
கணக்கர் சார், சுவர்க்கோடு விஷயம் பிடித்திருக்கிறது. நாங்கள் இனிமேல் போடுகிறோம்.

உங்கள் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும், திருப்பி அனுப்பிய சரக்கு. எங்களிடம் வாங்கியவர் ஒருவர் மழைக்காலத்தில் அனுப்பிய பெட்டிகளில் புள்ளி விழுந்துவிட்டது என்று மொத்தத்தையும் கழித்துவிட்டார். எங்களை விட்டுப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது. கிடங்கில் வைத்தது யார், எத்தனை நாள் வைத்தார்கள் என்று கேட்க ஒரு தாளும் இல்லை.

புதர்வெட்டி:
பொருள் குறைகிறது என்று அழுவதற்குப் பதில் பெருகிக்கொண்டிருக்கிற பொருளுக்கு மாறலாமே. கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் மூங்கிலும் பிரம்பும் கிடைப்பது குறைந்தபோது, காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியின் தண்டை வைத்து நாற்காலி, கூடை செய்யக் கற்றுக்கொண்டார்கள். 'ஏட்ரீ' என்ற ஆய்வு நிறுவனம் உடன் நின்றது. தண்டைக் கொதிக்கவைத்துப் பட்டையை உரித்தால் பிரம்பு மாதிரியே வளையும். அந்தச் செடி தீர்ந்துபோகும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், தீர்ந்தால் காட்டுக்கு நல்லது!

ஆகாயத்தாமரையும் அப்படித்தான். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியோரம், கென்யாவில் விக்டோரியா ஏரியோரம், நம் அசாமில் என்று பல இடங்களில் அதன் தண்டைக் காயவைத்துப் பின்னுகிறார்கள். சாக்கடை கலந்த, வெதுவெதுப்பான தண்ணீரில் அது கொழுத்து வளரும். இனி அதற்குப் பஞ்சம் வராது.

ஈரக்கை:
உண்ணிச்செடி பற்றி நல்ல தகவல், நன்றி. ஆகாயத்தாமரையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். ஒரு சுமை பச்சைத் தண்டைப் பரப்பினால் கடைசியில் கிடைப்பது ஒரு கைப்பிடி. அதைக் காயவைக்க கோரையைவிட அதிக வெயில் வேண்டும், மழை நாளில் கோரையைவிட வேகமாக அழுகும். புல்லை மாற்றினாலும் பிரச்சினை அதே களத்துமேட்டில்தான் வந்து நிற்கிறது. எனக்குப் பயிற்சி வகுப்பு வேண்டாம், காயவைக்க ஓர் இடம் வேண்டும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பரண், கீழே காற்று ஓட வழி, மேலே வெளிச்சம் விடுகிற கூரை, பக்கத்தில் சுருட்டி இறக்குகிற படுதா. சாயம் போட்ட ஓலைக்கு நேர் வெயில் ஆகாது, நிறம் வெளுக்கும். அதற்கு ஒரு நிழல் மூலை. இவ்வளவுதான். இதற்கு ஆகும் செலவு உங்கள் அறிக்கையில் படம் எடுக்கும் பயிற்சிக்கு ஒதுக்கியதைவிட அதிகமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கரைப்புல்:
படப் பயிற்சிக்கு ஒதுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

சட்டப்புள்ளி:
காயவைக்க இடம் வந்துவிட்டாலும், அறுக்கும் உரிமை யாருடையது? இதைத்தான் எல்லா அறிக்கைகளும் தாண்டிப் போகின்றன. உலக அளவில் விவசாய நிலம் வைத்திருப்பவர்களில் பெண்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு. ஆகவே புல்லும் ஓலையும் பெரும்பாலும் அடுத்தவர் நிலம், குளக்கரை, ஆற்றுப் புறம்போக்கு, காடு இவற்றிலிருந்துதான். பொருள் தாராளமாக இருந்த காலத்தில் யாரும் தடுக்கவில்லை. அரிதாகி, விலை வந்ததும் குத்தகைக்காரர் ஒருவர் முளைப்பார். கிடைத்துக்கொண்டிருந்தது விலைக்கு வாங்குவதாக மாறும். வடக்கு கானாவில் போல்கட்டாங்கா கூடைகளுக்கான புல் இப்போது நாட்டின் தெற்கிலிருந்து வண்டியேறி வருகிறது. முடைகிற பெண்ணுக்கும் புல்லுக்கும் நடுவில் வண்டிக்காரர், மொத்த வியாபாரி என்று ஆள்கள் வந்துவிட்டார்கள்.

இந்தியாவில் காட்டோரம் இருப்பவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் ஒரு பிடி தருகிறது. மூங்கில், பிரம்பு உட்படச் சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் கிராம சபை வழியாகக் கேட்கலாம். 2017இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் வெட்டிக் கொண்டுபோக அனுமதித் தொல்லை குறைந்தது. குளக்கரைக் கோரைக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. உள்ளாட்சித் தீர்மானம், குழு பெயரில் எழுத்துமூலம் குத்தகை, இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஊசிமுனை:
ஈரக்கையின் மழைநாள் இழப்புக்குக் காப்பீடு ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தேன். சேவா அமைப்பு வெப்பத்துக்கு ஒன்று செய்திருக்கிறது. குறிப்பிட்ட வெப்ப அளவைத் தாண்டினால், இழப்பை நிரூபிக்கச் சொல்லாமல் நேராக வங்கிக் கணக்கில் பணம். 2023இல் சுமார் 21,000 பெண்களோடு தொடங்கினார்கள். அந்த வருஷம் வெப்பம் அந்த எல்லையைத் தொடவில்லை, பணம் வரவில்லை. 2024இல் மூன்று மாநிலங்களில் 50,000 பேருக்கு விரித்தார்கள், பெரும்பாலோருக்குப் பணம் கிடைத்தது. தொகை சிறியதுதான்.

இதே மாதிரி, அறுப்பு மாதத்தில் தொடர்ந்து சில நாள் மழை என்றால் இவ்வளவு என்று ஏன் வைக்கக் கூடாது?

வானிலைப்பித்தன்:
வைக்கலாம். ஆனால் மழைமானி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தாலுகா தலைநகரில் இருக்கிற கருவியில் வெயில், உங்கள் களத்தில் மழை என்றால் ஒரு காசு வராது. கோடை மழை தெருவுக்குத் தெரு மாறும். வெப்பம் அப்படி இல்லை, பெரிய பரப்பில் ஒரே மாதிரி அடிக்கும். அதனால்தான் அதற்குக் காப்பீடு சுலபம். களத்துக்குப் பக்கத்தில் கருவி இல்லாமல் யாராவது மழைக் காப்பீடு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கணக்கர்:
அந்தச் சந்தாத் தொகையில் குழுவாகச் சேர்ந்து காய்ந்த நாரை இருப்பு வைக்கலாம். நல்ல வருஷத்தில் கூடுதலாக அறுத்து, உலர்ந்த இடத்தில் கட்டி வைத்தால் கெட்ட வருஷத்தில் அதுதான் காப்பீடு. ஈரக்கை, கோரை எவ்வளவு நாள் தாங்கும்?

ஈரக்கை:
எலியும் ஈரமும் படாமல் இருந்தால் அடுத்த அறுப்பு வரை தாங்கும். நாள் ஆக ஆக நிறம் மங்கும், அதைச் சாயப் பாய்க்கு எடுத்துக்கொள்வோம். இடம்தான் இல்லை, வீட்டில் எங்கே வைப்பது?

கரைப்புல்:
சரி, நான் எழுதி அனுப்பப் போவது இது. "ஏராளமாகக் கிடைக்கிறது" என்ற வரியை எடுத்துவிட்டு, எந்தப் புல், யாருடைய நிலம், எந்த மாதம், கடந்த வருஷங்களில் எத்தனை முறை கெட்டது என்று முடைபவர்களிடமே கேட்டு எழுதச் சொல்கிறேன். பயிற்சிப் பணத்தில் ஒரு பங்கை உலர்த்தும் கொட்டகைக்கும் நார் இருப்பு அறைக்கும் மாற்றக் கேட்கிறேன். புல் சார்ந்த வேலையை 'மாற்று வருமானம்' என்ற தலைப்பிலிருந்து எடுத்து, பயிரைப் போலவே ஆபத்தில் இருப்பவை என்ற பகுதியில் போடச் சொல்கிறேன். ஏதாவது விட்டுப்போனதா?

சட்டப்புள்ளி:
கொட்டகை யார் நிலத்தில்? குழுத் தலைவியின் மாமனார் நிலத்தில் கட்டிவிட்டு, அடுத்த வருஷம் அதில் உர மூட்டை அடுக்கியிருப்பதை நிறையப் பார்த்தாயிற்று. அடித்தளம் போடுவதற்கு முன்பே குழுவின் பெயரில் குத்தகைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும் என்று நிபந்தனையாகவே எழுதுங்கள். பொது நிலம் என்றால் உள்ளாட்சித் தீர்மானத்தின் நகல்.

ஈரக்கை:
அதோடு பூட்டுக்கு இரண்டு சாவி என்றும் எழுதுங்கள். ஒன்று தலைவியிடம், இன்னொன்று களத்துக்குப் பக்கத்து வீட்டில். மேகம் கூடினால் தலைவி வரும்வரை நார் காத்திருக்காது.